கெண்டைக்காலைப் பிடிக்கிறவர்

சூசையபுரம், மன்னார்குடி வழி
14.10.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள ஃபிளோரா அக்காவுக்கு, தம்பி குழந்தைராஜ் எழுதுவது. இங்கே நான், சவரி, ஆடு மாடு எல்லாரும் சுகம். நீயும் மடத்து சிஸ்டர்மாரும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். ஊரே செல்போனில் மூஞ்சியைப் பார்த்துப் பேசுகிறது. நான் மட்டும் கவர் வாங்கப் போகிறேன். "யாருக்கண்ணே இன்னும் லெட்டர் போடுறீங்க?" என்கிறாள் போஸ்ட் ஆபீஸ் பெண். "எங்கக்கா வெளியே வராத மடத்துல இருக்கு, முப்பத்து மூணு வருஷமா" என்றால் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறாள்.

சம்பா நடவு முடிந்தது. கூலியாள் கிடைக்காமல் மிஷின் நடவுதான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. வயலுக்குப் போகும்போது வாய்க்கால் கரையில் மதகு வந்ததும் என் வலது கெண்டைக்காலை யாரோ இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு தடவை என்றால் நரம்பு இழுத்தது என்று விட்டுவிடுவேன். இந்த மாதம் எத்தனை தடவை நடந்து போனேனோ அத்தனை தடவையும், அதே மதகில். நின்று மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னால் பிடி விட்டுவிடுகிறது. பிறகு ராஜா மாதிரி நடந்து வயலில் இறங்குகிறேன். திரும்பும்போது பக்கத்து வயல் பஞ்சநதம் வண்டியில் தொற்றிக்கொள்வதால் தெரிவதில்லை.

அப்பா விழுந்த மதகு அது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். கட்டின பெண்டாட்டி சவரிக்குக்கூடச் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

உன் ஜெபத்தில் என்னைச் சேர்த்துக்கொள்.
குழந்தை

*

மடத்திலிருந்து
29.10.2024

கிறிஸ்துவில் அன்பான தம்பிக்கு, அக்காவின் ஆசீர். இங்கே எல்லோரும் நலம். காய்ச்சல் ஒரு சுற்று வந்து போனது.

நான் சிரிக்கவில்லை. இரண்டு முறை வாசித்தேன். அப்பா போய்ப் பத்தொன்பது வருஷமாகிறது. உங்களுக்கெல்லாம் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மண்ணில் வைத்த நினைவாவது இருக்கிறது. எனக்கு ஒரு தந்தி மாதிரி நாலு வரிதான் வந்தது. உள்ளே வந்தவள் வெளியே வரக்கூடாது என்ற விதியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், அதனால் அழக்கூட உரிமை இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமங்கள் ஜெபம் கேட்டு வரும் என்று நம் அம்மா சொல்வாள். கல்லறைத் திருநாளுக்கு மதகில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. ஒன்று கேட்கிறேன்: அன்று காலை அப்பா உன்னிடம் ஏதாவது சொன்னாரா? அவர் எதையாவது மனதில் வைத்துக்கொண்டு போனாரா?

அப்பா சாவதற்கு முந்தின வருஷம் இங்கே வந்தபோது... சரி, அது இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஃபிளோரா

*

சூசையபுரம்
12.11.2024

அன்பான அக்காவுக்கு, கும்பிடு. மழை கொட்டுகிறது, பயிர் முழுகவில்லை, அதுவே போதும். சவரிக்கு மூட்டு வலி. எனக்கு நாக்கு வறட்சி தவிர வேறொன்றுமில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றினேன். பூசையும் வைத்தேன். மதகில் பிடி விட்டுவிட்டது அக்கா. ஏனென்றால் இப்போது மதகுக்குப் போகவே விடுவதில்லை. அதற்கு முன்னால் பம்ப்செட் கொட்டகையிலேயே பிடித்துவிடுகிறது.

சவரிக்குத் தெரிந்துபோய் டாக்டரிடம் போ என்று பிடுங்குகிறாள். நடந்தால் வலி, நின்றால் இல்லை. டாக்டர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் வலி போய்விடும். வலிக்காத காலைக் காட்டினால் அவர் சிரிக்க மாட்டாரா? ஒன்பது வருஷத்துக்கு முன் கோயிலில் மருத்துவ முகாம் போட்டார்களே, அப்போதே எல்லாம் பார்த்தாகிவிட்டது. "சுகர் பார்டர்ல இருக்குங்க, சாப்பாட்டைக் குறைச்சு, நடையைக் கூட்டி, ஆறு மாசத்துல மறுபடி பாருங்க" என்றது அங்கே ரத்தம் எடுத்த பெண். பார்டரில்தானே நிற்கிறது, ஊருக்குள் வரவில்லையே என்று வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை தெரியுமா?

பஞ்சநதம் திருவாரூர்ப் பக்கம் குறி கேட்கக் கூப்பிடுகிறான். நான் ஞானஸ்நானம் வாங்கினவன், போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

குழந்தை

*

மடத்திலிருந்து
28.12.2024

தம்பிக்கும் சவரிக்கும் பாலன் இயேசுவின் சமாதானம். கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, வாங்குவதுமில்லை என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் தாமதம். குடிலில் வைக்க இங்கே நெல் நாற்று வளர்த்தார்கள். அதைப் பார்த்து நம் வயல் நினைவு வந்து ஒரு மூலையில் நின்றேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதினாய், பஞ்சநதத்தைப் பற்றி எழுதினாய். அப்பா அன்று காலை என்ன சொன்னார், குழந்தை? அவருக்காக முப்பது பூசை நடக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆனால் எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்தால் ஜெபிக்கச் சௌகரியமாக இருக்கும்.

சவரியை நான் விசாரித்ததாகச் சொல்.
ஃபிளோரா

*

சூசையபுரம்
17.02.2025

அக்காவுக்கு, தம்பி எழுதுவது. அறுவடை ஆகிவிட்டது. மாடு ஒன்று கன்று போட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

நான் நன்றாக இல்லை. இப்போது தெருமுனைச் சிலுவை நிற்கிற குருசடியிலேயே பிடிக்கிறது. வீட்டு வாசலில் நின்று கல்லெறிந்தால் குருசடியில் விழும், உனக்குத் தெரியும். மதகு, கொட்டகை, குருசடி. அறுவடையின்போது வயலுக்குப் போகவே இல்லை, வாசலில் உட்கார்ந்து போனில் அதட்டிக்கொண்டிருந்தேன். ஆட்கள் சிரித்தார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஐம்பத்து மூன்று வயது ஆம்பிளை இதை எழுத வெட்கப்பட வேண்டும், ஆனாலும் எழுதுகிறேன். அப்பா வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். அடுத்தது வாசல்தான். வந்து என்னிடம் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் உனக்கு எழுத முடியாது.

என்ன செய்யட்டும், சீக்கிரம் சொல்.
குழந்தை

*

மடத்திலிருந்து
27.02.2025

அன்பான தம்பி, மனதைத் தளரவிடாதே. நான் நலம், நீ என்னை நினைத்துக் கவலைப்படாதே.

வரும் புதன் சாம்பல் புதன். அதிலிருந்து பாஸ்கா உயிர்ப்பு ஞாயிறுவரை கடிதப் போக்குவரத்து கிடையாது. அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே தெளிவாகச் சொல்கிறேன். நீ அவருக்கு என்ன குறை வைத்தாய் என்று சொல்ல மறுக்கிறாய். சரி, என்னிடம் வேண்டாம், ஆண்டவரிடம் சொல். தவக்காலத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து போ. செருப்பில்லாமல் போ. அப்பாவின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒவ்வோர் அடியையும் ஒப்புக்கொடு. கால் பிடிக்கும்போது நிற்காதே. நின்று நின்று போனால் அது பரிகாரம் இல்லை. சிலுவை சுமந்த ஆண்டவர் இளைப்பாற உட்கார்ந்தாரா? வலிக்க வலிக்க நட.

பாஸ்காவுக்குள் உனக்கு விடுதலை கிடைக்கும். நம்பு.
ஃபிளோரா

*

சூசையபுரம்
25.03.2025

அக்காவுக்குத் தோத்திரம். இதை நீ இப்போது படிக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பாஸ்கா வரைக்கும் இது உங்கள் மதர் மேசைக்குள் கிடக்கும். அந்தத் தைரியம்தான்.

வேளாங்கண்ணி போய் வந்தேன். மூன்று நாள் நடை எனக்கு ஆறு நாளானது. நிற்காமல் நடக்க என்னால் ஆனவரை பார்த்தேன், துண்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன். திருவாரூர் தாண்டியதும் நின்று நின்றுதான் போக முடிந்தது, மன்னித்துவிடு. ஆனால் மாதா ஒரு புதுமை செய்தாள். தார் ரோடு கொதித்தது, கூட வந்த பையன்களெல்லாம் ஓரமாகப் புல்லைத் தேடி ஓடினார்கள். எனக்குச் சுடவே இல்லை! பாதத்தில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது, தொட்டால்கூடத் தெரியவில்லை. "உங்க காலை மாதா தாங்கிக்கிட்டாங்கண்ணே" என்று ஒருவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் அழுதுவிட்டேன்.

கொப்புளம் ஒன்று ஆறவில்லை. கட்டைவிரல் நுனி கறுத்திருக்கிறது. வலி இல்லை. சவரியிடம் முள் குத்தியது என்றேன்.

ஆனால் அப்பா போகவில்லை. இப்போது கட்டிலுக்கே வந்துவிட்டார். படுத்தால் பிடிக்கிறார். காலைக் கீழே தொங்கப்போட்டால்தான் விடுகிறார்.

நீ கேட்டதை எழுதிவிடுகிறேன். அப்பா அப்போதெல்லாம் கரையில் நின்று நின்றுதான் வருவார். கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார். அன்று காலை நாற்றுக் கட்டுடன் ஆட்கள் காத்திருந்தார்கள். அப்பா மதகில் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் இருடா, காலைப் பிடிக்குது" என்றார். எட்டுப் பேர் முன்னால் நான் கத்தினேன், அக்கா. "வேலைன்னா மட்டும் உங்களுக்குக் கால் பிடிச்சுக்குமா? நடிக்காதீங்க. எழுந்திரிங்க." அவர் எழுந்தார். நிற்காமல் விறுவிறு என்று பத்து இருபது அடி நடந்தார். விழுந்தார். மாரடைப்பு, கொடுத்து வைத்த சாவு என்றார்கள். நானும் அப்படித்தான் எல்லாருக்கும் சொன்னேன்.

அவர் என் காலைப் பிடிக்காமல் வேறு யார் காலைப் பிடிப்பார்?

கு.

*

சூசையபுரம்
08.04.2025

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு, சவரியம்மாள் எழுதிக்கொள்வது. உங்கள் சுகம் அறிய ஆவல். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் தம்பிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். விரல் கரியாக இருக்கிறது, வாடை வருகிறது. ஆஸ்பத்திரிக்கு என்றால், "பாஸ்கா வரைக்கும் ஒப்புக்கொடுத்திருக்கேன், அக்கா சொன்னதை மீற மாட்டேன்" என்கிறார். ஃபாதர் சொல்லியும் கேட்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும், கிளம்பிவிடுவார். மடத்துக்குப் போன் போட்டேன், நானாக எதுவும் சொல்லத் தெரியாமல் கடிதம் போடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் எழுதுங்கள் அண்ணி. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.
சவரியம்மாள்

*

மடத்திலிருந்து
உயிர்ப்பு ஞாயிறு, 20.04.2025

குழந்தை, சவரி,

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதியைப் பிறகு வாசியுங்கள்.

இன்று பூசை முடிந்துதான் இரண்டு கடிதத்தையும் பிரித்தேன். மதர் மேல் குற்றம் இல்லை. பத்து நாளைக்கு முன் சவரியின் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க வீட்ல இருந்து ரெண்டாவது கடிதம் சிஸ்டர், அனுமதி தரேன், படிக்கிறீங்களா?" என்று கேட்டார். நான்தான், "வேண்டாம் மதர், பாஸ்காவுக்குப் பிறகு படிக்கிறேன்" என்றேன். என் தவத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பெருமையாக இருந்தது.

எங்கள் வைத்திய அறையைப் பார்க்கும் சிஸ்டர் சான்ட்ரா நர்சாக இருந்தவர். அவரிடம் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் காட்டினேன். மதகு, கொட்டகை, குருசடி, கட்டில் என்று வாசித்ததும் எழுந்துவிட்டார். "இது ஆவி இல்ல சிஸ்டர். சுகர் முத்திப் போயி காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டே வருது. அடைக்க அடைக்க நடக்குற தூரம் குறையும். தார் ரோடு சுடலைங்கிறது புதுமை இல்ல, நரம்பு செத்துப் போச்சு." அவர் சொல்லச் சொல்ல நான் என் கடைசிக் கடிதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். செருப்பில்லாமல் போ என்று எழுதிய கை இது.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா இங்கே வந்தபோது கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னார்: "பஸ்ஸ விட்டு இறங்கி இங்க வர்றதுக்குள்ள ஆறு இடத்துல நின்னேம்மா. கெண்டைக்காலைப் பிடிக்குது." நான் அவருக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "நிற்காம ஒப்புக்கொடுத்து நடங்கப்பா" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

மதர் காலையிலிருந்து உங்கள் எண்ணுக்குப் போன் செய்கிறார். யாரும் எடுக்கவில்லை.

ஃபிளோரா

*

சூசையபுரம்
12.05.2025

அண்ணி அவர்களுக்கு, சவரியம்மாள் எழுதுவது. மதர் அன்றைக்குச் சாயங்காலம் பேசியபோது "உயிரோட இருக்காருங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தபோது நாங்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வாரம் திங்கட்கிழமை நினைவு தப்பியது. பஞ்சநதம் அண்ணன்தான் யாரையும் கேட்காமல் காரில் தூக்கிப் போட்டது. மறுநாள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருதயத்திலும் ஒரு குழாயில் அடைப்பு இருக்கிறதாம், மருந்து கொடுத்திருக்கிறார்கள். "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா விரலோட போயிருக்கும்மா" என்றார் டாக்டர். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவராக எழுதும்வரை காத்திருங்கள்.

சவரியம்மாள்

*

சூசையபுரம்
22.06.2025

அக்கா,

சுகமா என்று கேட்க இத்தனை நாள் பிடித்தது. கோபம்தான். உன் மேல் இருந்தது, பிறகு என் மேல் வந்தது, பிறகு ஒன்பது வருஷத்துக்கு முன் பார்டர் என்று சொன்ன அந்தப் பெண் மேல்கூட வந்தது. அவள் சரியாகத்தான் சொன்னாள், பாவம்.

டாக்டர் நம்ம பக்கத்து ஆள். பாடம் நடத்தாமல் புரிகிற மாதிரி சொன்னார். "பார்டர்னா வரலேன்னு அர்த்தம் இல்லீங்க. அப்பவே குழாயோட உட்சுவர் புண்ணாக ஆரம்பிச்சிடும், கொழுப்பு படியும். வாய்க்கா தூர்ந்தா முதல்ல காயுறது எது? கடைமடைதானே. உங்க கால் விரல்தான் கடைமடை. நெஞ்சுக்குப் போறதும் அதே வாய்க்காதான்." அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். "அவருக்கும் இதேதான் இருந்திருக்கும்" என்றார்.

ஆக அப்பா என் காலைப் பிடிக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லையா? இல்லை அக்கா. பிடித்தது அவர் என்று நினைத்தவரைக்கும் அவர் கோபமாக இருக்கிறார், ஒருநாள் ஆறுவார் என்று இருந்தேன். இப்போது அவர் அங்கே இல்லை. வலி எப்படி இருந்திருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு அடியும் தெரிகிறது. அதைத்தான் நடிப்பு என்றேன்.

கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இருக்கிறது நீ ஒருத்திதான். உங்கள் நடைமண்டபத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே சுற்றி நடப்பாயே, எங்கேயாவது நிற்கிறாயா? பொய் சொல்லாமல் எழுது. நம் வீட்டில் ஒளித்தவரைக்கும் போதும்.

குழந்தை

*

மடத்திலிருந்து
19.07.2025

அன்பான குழந்தை,

சுகமா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நிற்கிறேன். நாலாவது தூணில். போன வருஷம் கிறிஸ்துமசிலிருந்து. உன் முதல் கடிதம் வந்த பிறகு தொடங்கியதால் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா என்னிடமும் வந்துவிட்டார் என்று நினைத்தேன். நீ பயந்தாய், நான் சந்தோஷப்பட்டேன். அடக்கத்துக்குக்கூட வராத மகளைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று. சில நாள் பிடி விடக்கூடாது என்று கொஞ்சம் அதிகமாகவே நடந்தேன்.

உன் கடிதத்தை மதரிடம் கொடுத்தேன். சென்ற வாரம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முப்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டினேன், ரோட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற மாதிரி கணுக்காலிலும் பார்த்தார்கள். கையில் இருக்கிற அழுத்தத்தில் காலில் பாதிதான் இருக்கிறது. சுகர் எனக்கு இன்னும் பார்டர்தானாம். பார்டரிலேயே குழாய் இவ்வளவு அடைத்திருக்கிறது.

பயப்படாதே, கால் தப்பும் என்கிறார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டைச் சொன்னார். பிறகு, மருந்தைவிட முக்கியம் என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நடக்க வேண்டும், வலி வந்ததும் நிற்க வேண்டும், வலி போகும்வரை உட்கார வேண்டும், பிறகு எழுந்து மறுபடி நடக்க வேண்டும். தினமும். அப்படி நின்று நின்று நடந்தால் பக்கத்துச் சின்னக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குப் பழகிவிடுமாம். நெஞ்சுக்கும் அதுதான் நல்லதாம். "வீம்புக்கு நிக்காம மட்டும் நடந்துடாதீங்க சிஸ்டர்" என்றார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார், குழந்தை. வைத்தியம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் இரண்டு பேரும்தான் அவரை உட்காரவிடவில்லை.

ஃபிளோரா